ஓர் இரவுக்கு எவ்வளவு?

பிக்கப் வண்டியின் முதுகில் கூடாரம், அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் வருடம் முழுக்க ஏற்றியே வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. வேலைக்கும் அதே வண்டிதான், பசார் மாலாமுக்கும் அதே வண்டிதான், தைப்பூசத்துக்குப் பினாங்கு போனாலும் அதே வண்டிதான். ஆகவே இரண்டு கேள்விகள் எங்களைத் துரத்திக்கொண்டே இருக்கும். எண்ணெய் நிலையத்தில் சந்திக்கும் இளைஞர்கள், "அண்ணே, இதெல்லாம் போட எவ்வளவு ஆச்சு?" என்பார்கள். உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் அத்தை ஒருவர், "எங்கயும் போகாத நாள்லயும் இவ்வளவு பாரத்த எதுக்குப்பா சுமந்துகிட்டுத் திரியிற?" என்பார்.

முதல் கேள்விக்கு ஒரு விலைப்பட்டியல் போதும். அத்தையின் கேள்விதான் ஆழமானது. வாங்கியபோது கொடுத்த காசு ஒருமுறை போய்விட்டது. சுமந்துகொண்டே இருப்பதற்கான காசு மாதாமாதம் போகிறது, அதற்கு யாரும் ரசீது தருவதில்லை. இந்த வாரம் அந்த ரசீதை நாமே எழுதிப் பார்ப்போம். எங்கள் வீட்டிலும் இப்போது அதற்கு ஒரு முடிவு தேவைப்படுகிறது. மகள் வரும் ஜனவரியில் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்கிறாள்.

இந்தப் பழக்கத்தின் தாய்வீடு வட அமெரிக்கா. அங்கே டிரக் கேம்பர் என்பது கட்டில், சமையல் மேடை, சிலவற்றில் கழிவறைகூட உள்ள ஒரு சிறிய அறை. பிக்கப்பின் பின்தட்டில் அப்படியே உட்காரும். நான்கு மூலைகளிலும் ஜாக்கிக் கால்கள் இருக்கும். கால்களை இறக்கி அறையை உயர்த்திவிட்டு, வண்டியை அடியிலிருந்து ஓட்டிக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அறை வீட்டு வாசலில் நிற்கும், வண்டி வேலைக்குப் போகும். இப்படிக் கழற்ற வசதி இருந்தும் பலர் கழற்றுவதில்லை. குளிர்ப் பிரதேசங்களில் பனிக்காலம் வந்தால் குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் வடித்துப் பூட்டிவைப்பார்கள். நமக்குப் பனிக்காலம் இல்லை. "இந்த மாதம் வேண்டாம், இறக்கி வை" என்று சொல்ல ஒரு பருவமே நம் ஊரில் கிடையாது. அதனால்தான் ஏற்றியது ஏற்றியபடியே கிடக்கிறது.

நம் சாலைகளில் ஓடும் நான்கு கதவு பிக்கப்புகளின் பின்தட்டு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம்தான். பெரியவர்கள் கால் நீட்டிப் படுக்க முடியாது. ஆகவே இங்கே பெரும்பாலோர் வேறு வழியில் போகிறார்கள். பின்தட்டுக்கு மேல் கேனோபி மூடி, அதன் உள்ளே இழுப்பறைகளும் சமையல் பலகையும், அதற்கு மேலே மடித்து விரிக்கும் கூடாரம். எங்களுடையதும் அப்படித்தான்.

பாரம் எங்கே போகிறது?

பொருள்களை ஒவ்வொன்றாக எடை போட்டு வைத்திருக்கிறோம். கேனோபி 70 கிலோ, கூடாரம் 65, இழுப்பறையும் சமையல் பலகையும் 60, குளிர்பெட்டி 20, மின்கலம் 12, மேசை நாற்காலி 20, பக்கவாட்டு நிழல் துணி 15, பாத்திரமும் கருவிகளும் 38, தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40 கிலோ. மொத்தம் 340 கிலோ. எங்கள் மூவரையும் சேர்த்தால் ஏறக்குறைய 500. பிக்கப் வண்டிகள் சுமக்க அனுமதிக்கப்பட்ட எடை பெரும்பாலும் ஒரு டன்னை ஒட்டியே இருக்கும். அதில் பாதி, வண்டி வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டையையும் அம்மா கொடுக்கும் தேங்காய்களையும் ஏற்றினால் மீதியும் வேகமாகக் கரையும்.

பாரம் எவ்வளவு என்பதோடு அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். கீழே இருக்கும் 65 கிலோ வேறு, தலைக்கு மேல் இருக்கும் 65 கிலோ வேறு. கேமரன் மலை வளைவுகளில் இந்த வித்தியாசத்தை உடம்பே சொல்லும். கேனோபிக்கும் மேல்சட்டத்துக்கும் இரண்டு வகை எடை வரம்பு உண்டு. வண்டி நிற்கும்போது தாங்குவது ஒன்று, ஓடும்போது தாங்குவது இன்னொன்று. நிற்கும்போது இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் மேலே படுக்கலாம். ஓடும்போது அனுமதிக்கப்பட்ட எடை அதைவிட மிகக் குறைவு. வாங்கும்போது இரண்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வருடம் முழுக்க ஏற்றி வைத்திருக்கும் வண்டியில் முதலில் பேசுவது பின்பக்க வில் பட்டைகள். காலி வண்டியில் வில் இறங்கி ஏறி மூச்சு விடும். ஏற்றிய வண்டியில் அது எப்போதும் குனிந்தே நிற்கிறது. அனுமதித்த எடைக்குள் இருந்தால் உடனே ஒன்றும் ஆகாது, ஆனால் பள்ளம் ஒவ்வொன்றையும் அது ஏற்கெனவே அழுந்திய நிலையிலிருந்தே வாங்குகிறது. அதிர்வுதாங்கிகளும் ரப்பர் புஷ்களும் சேர்ந்து தேய்கின்றன. எங்கள் பட்டறைக்காரர் பின்பக்கத்துக்குக் கனமான வில் பட்டைகள் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிப்பது நின்றது. பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் உயரும் என்பது இரவில்தான் தெரியும்.

அடுத்தது டயர். காற்றழுத்தத்தைக் காலி வண்டிக்கான அளவில் வைத்துவிட்டு 340 கிலோவை ஏற்றி ஓடினால் டயரின் பக்கவாட்டு சூடாகும். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் சிறு தாளில், பாரம் ஏற்றினால் எவ்வளவு காற்று வேண்டும் என்பது இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருப்பதையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுதோறும் ஒருவரிடம் காட்டுவது நல்லது, பாரம் சுமக்கும் டயரை அவசியம் காட்ட வேண்டும்.

ஈரம்தான் நம் குளிர்காலம்

அமெரிக்கக்காரருக்கு உறைபனி எதிரி என்றால் நமக்குப் பூஞ்சணம். மூடிய கூடாரத்துக்குள் முந்தைய இரவின் மூச்சுக்காற்று ஈரம் தங்கியிருந்தால், நம் ஊர் வெப்பத்துக்குச் சில நாள்களிலேயே கரும்புள்ளி தோன்றும். மெத்தையின் அடிப்பக்கத்தில்தான் அது முதலில் வரும், ஏனென்றால் அங்கேதான் காற்று போகாது. எங்கள் வழக்கம் இதுதான்: பயணம் போகாவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டு வாசலில் கூடாரத்தை விரித்து இரண்டு மணி நேரம் வெயில் காட்டுவோம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அன்று திருவிழா. மகளோடு ஐந்தாறு பேர் மேலே ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். வண்டி நின்றுகொண்டுதானே இருக்கிறது என்று விட்டுவிடுவேன்.

"எல்லாம் ஏற்றியே இருக்கிறது" என்று சொன்னாலும் நான்கு பொருள்கள் ஒருபோதும் வண்டியில் தங்குவதில்லை. முதலாவது, அடுப்புக்கான சிறிய பியூட்டேன் எரிவாயுக் குப்பி. 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக விடாதே என்று அதன் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும். மதிய வெயிலில் மூடிய வண்டிக்குள் அந்தச் சூடு வர அதிக நேரம் ஆகாது. இரண்டாவது, உணவு. ஒரு பொட்டலம் பிஸ்கட் போதும், எறும்புப் பட்டாளம் குடியேறிவிடும். மூன்றாவது, போர்வை தலையணை. அவை வீட்டு அலமாரியில் ஒரே பையில் தயாராக இருக்கும். நான்காவது, தண்ணீர். 40 கிலோவைத் தினமும் வேலைக்குக் கூட்டிப் போவதில் அர்த்தமில்லை. நின்ற தண்ணீர் நாறவும் செய்யும். ஆகவே புறப்படும் அன்று காலையில்தான் தொட்டி நிரப்புவோம்.

மின்கலத்தைப் பொறுத்தவரை, பழைய ஈய அமில வகையைச் சார்ஜ் இறங்கிய நிலையில் கிடக்கவிட்டால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறைந்துவிடும். வருடம் முழுக்க வண்டியிலேயே இருக்கும் மின்கலத்துக்கு இது பெரிய அபாயம், ஏனென்றால் குளிர்பெட்டியை நிறுத்த யாராவது ஒருநாள் மறப்பார்கள். எங்களுடையது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, 100 ஆம்பியர் மணி, 12 கிலோ. அதே அளவு ஈய மின்கலம் 30 கிலோவை நெருங்கும். விலை அதிகம்தான். ஆனால் வருடம் முழுக்கச் சுமப்பவருக்கு 18 கிலோ குறைவதும் ஒரு வரவுதான்.

ஜேபிஜே, காப்புறுதி, உயரம்

இங்கே மூன்று விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். வண்டியின் கட்டமைப்பில் கைவைக்கும் எந்த மாற்றத்துக்கும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி தேவை. எது மாற்றம், எது கழற்றக்கூடிய பொருள் என்பதைக் கடைக்காரர் வாய்ச்சொல்லில் விடாதீர்கள். இலாகாவிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

இரண்டாவது, காப்புறுதி. கேனோபி, கூடாரம், குளிர்பெட்டி எல்லாம் வண்டியோடு வந்த பொருள்கள் அல்ல. காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்துச் சேர்த்தால்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு. அதேபோல், விரிவான காப்புறுதி எடுத்திருந்தாலும் வெள்ளச் சேதம் தானாக அதில் அடங்காது. தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரைவரை மூழ்கிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, உயரம். எங்கள் வண்டி கூடாரத்தோடு 2.2 மீட்டர். பேரங்காடிகளின் நிலவறை வாகன நிறுத்தங்கள் பலவற்றில் 2.1 அல்லது 2 மீட்டர் என்று தொங்கும் பலகை இருக்கும். ஆகவே எங்களுக்குத் திறந்தவெளி நிறுத்தம்தான். மழையில் குடையோடு நடப்பதும் உடைமையின் செலவில் ஒன்று. கொண்டோவில் வசிப்பவர்கள் வண்டி வாங்கும் முன் தங்கள் கட்டடத்தின் நுழைவாயில் உயரத்தை அளந்துகொள்ளுங்கள்.

நல்ல செய்தி இரண்டு உண்டு. சாலை வரி இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது என்பதால் கூடாரத்தால் அது ஒரு சென்கூட ஏறவில்லை. டோல் சாவடியிலும் இரண்டு அச்சு, நான்கு சக்கரம் என்றால் முதல் வகுப்புக் கட்டணம்தான். பின்பக்கம் இரட்டைச் சக்கரம் உள்ள லாரி அடித்தளத்தில் கட்டிய பெரிய வண்டி வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள், ஆறு சக்கரம் என்றால் இரண்டாம் வகுப்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு நோட்டு

என் மனைவி கணக்குத் துறையில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் "ஏறக்குறைய" என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை. அவர் போட்ட கணக்கு இது. எங்கள் வண்டிக்கு, எங்கள் ஓட்டத்துக்கு மட்டும் பொருந்தும். உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ள ஒரு மாதிரி.

எல்லாப் பொருளுக்கும் சேர்த்து 20,000 வெள்ளி ஆனது. எட்டு ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்தால் ஆண்டுக்கு 2,500. டீசல் அடுத்தது. காலியாக ஓடியபோது 100 கிலோமீட்டருக்கு 9 லிட்டர் குடித்த வண்டி, ஏற்றிய பிறகு பத்தரை லிட்டர் குடிக்கிறது. எடை ஒரு காரணம், காற்றை மறித்து நிற்கும் கூடாரம் இன்னொரு காரணம். ஆண்டுக்கு 18,000 கிலோமீட்டர் ஓடுகிறோம். கூடுதலாக 270 லிட்டர். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்கு ஏறியது. பழைய விலையில் அந்த 270 லிட்டருக்கு 580 வெள்ளி, புதிய விலையில் 904. அதன் பிறகு விலை ஏறி இறங்குவதால் லிட்டருக்கு 3 வெள்ளி என்று வைத்து 810 என்று எழுதியிருக்கிறார்.

டயர் சீக்கிரம் தேய்வதற்கு 150. வில் பட்டை, புஷ் வகைக்கு 350. பிரேக்குக்கு 150. கூடாரத் துணிக்கு நீர்புகா மருந்து, தையல் பசை, பூஞ்சணம் துடைப்பது எல்லாம் 200. கூடுதல் காப்புறுதி 400. கூட்டினால் ஆண்டுக்கு 4,560 வெள்ளி.

கடந்த ஆண்டு நாங்கள் வெளியே தூங்கிய இரவுகள் 31. வகுத்தால் ஓர் இரவுக்கு 147 வெள்ளி. முகாம் தளக் கட்டணம் சராசரியாக 50 சேர்த்தால் 197.

இந்த எண்ணைப் பார்த்ததும் உங்களுக்குத் தோன்றுவதுதான் எங்களுக்கும் தோன்றியது. இந்தக் காசுக்குத் தைப்பிங்கிலோ குவாந்தானிலோ குளிரூட்டிய அறையே கிடைக்குமே! கிடைக்கும். "கூடாரத்தில் தங்கினால் ஓட்டல் காசு மிச்சம்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் வாங்கிய விலையை மறந்துவிட்டுப் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் வண்டியின் விலையே சேரவில்லை என்பதையும் கவனியுங்கள். எங்களுக்கு அது வேலைக்குப் போகும் வண்டியும்கூட. ஆனால் முகாமுக்காகவே பிக்கப் வாங்க நினைக்கும் இளையவர்கள் இன்னொரு வரி எழுத வேண்டும். சிறிய கார் ஒன்று போதும் என்ற நிலையில் அதைவிட 70,000 வெள்ளி கூடுதலாகக் கொடுத்து பிக்கப் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது ஆண்டுக் கடனில் வட்டியை விட்டுவிட்டு அசலை மட்டும் வகுத்தால் ஆண்டுக்கு 7,778. அதை 31 இரவால் வகுத்தால் இரவுக்கு மேலும் 251. இப்போது ஓர் இரவு 448 வெள்ளி. அந்த விலைக்குக் கடலைப் பார்த்த அறையில் காலை உணவோடு எழுந்திருக்கலாம். என்னிடம் யோசனை கேட்ட ஒரு தம்பி இந்த வரியைப் பார்த்துவிட்டுப் பழைய காரிலேயே தரைக் கூடாரத்தோடு போய்வருகிறான். மழையில் அவன் பாடு கஷ்டம்தான். மாதக் கடைசியில் அவன் பாடு சுகம்.

இறக்கி வைத்தால் என்ன?

அத்தையின் கேள்விக்கு இப்போது வருவோம். எங்கள் 18,000 கிலோமீட்டரில் முகாம் பயணங்களுக்கு ஓடியது 5,000தான். மீதி 13,000 கிலோமீட்டரும் வேலை, கடைத்தெரு, கோயில். அந்தத் தூரத்துக்குக் கூடாரத்தைச் சும்மா சுமந்ததற்கு மட்டும் 195 லிட்டர், 585 வெள்ளி போயிருக்கிறது. இறக்கி வைத்திருந்தால் அது மிச்சமாகியிருக்கும்.

ஆனால் கணக்கில் இன்னொரு பக்கம் இருக்கிறது. தொடக்கத்தில் ஓர் ஆண்டு நாங்கள் பயணத்துக்குப் பயணம் ஏற்றி இறக்கினோம். 65 கிலோ கூடாரத்தை இரண்டு பேர் தலைக்கு மேல் தூக்கி, சமநிலை பார்த்து, எட்டுத் திருகுகளை முடுக்க வேண்டும். ஏற்ற இரண்டு மணி நேரம், இறக்க இரண்டு மணி நேரம். அந்த ஆண்டு நாங்கள் போன இரவுகள் ஒன்பது. டீசல் மிச்சத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 3,975 வெள்ளியை ஒன்பதால் வகுத்தால் இரவுக்கு 442. சுமப்பதை நிறுத்தியதால் 585 வெள்ளி மிச்சம், ஆனால் ஒவ்வோர் இரவின் விலையும் மூன்று மடங்கு. ஏற்றியே வைத்திருக்கும் வண்டி உங்களிடம் கேட்பது காசு, இறக்கி வைத்த வண்டி கேட்பது மனசு. வேலை முடிந்து களைத்து வந்த செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் காசைவிட மனசுதான் கம்மியாக இருக்கும்.

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவனுக்குப் பத்து மணிக்கு வேலை முடியும், விடுமுறை வார நடுவில் வரும். ஒலிபரப்பு முடிந்து வீட்டுக்கு வந்து, தண்ணீர் நிரப்பி, போர்வைப் பையைத் தூக்கிப் போட்டால் மாலை ஐந்துக்குள் செகிஞ்சான் வயல் ஓரத்தில் தேநீர் போட்டுவிடலாம். மனைவி மடிக்கணினியை மேசையில் விரித்து வேலையை முடிப்பார். அந்த 31 இரவுகளில் 18 இப்படி வார நாளில் கிடைத்தவை. வார இறுதியிலும் விடுமுறையிலும் கிடைத்தவை 13 மட்டுமே. வார நாளில் தளத்தில் நாங்கள் மட்டும் இருப்போம். மகள் இருட்டைக் கண்டு பயப்படாமல் வளர்ந்தது அந்த இரவுகளில்தான். எந்தக் கணக்கு நோட்டிலும் அதற்கு வரி இல்லை. இருந்தாலும் இரவின் விலை 442ஆக இருந்திருந்தால் அந்த இரவுகள் நடந்திருக்காது என்பது மட்டும் தெரியும்.

ஜனவரியிலிருந்து அந்த 18 இரவுகள் கிடையாது. காலை ஏழரைக்கு முன் பள்ளி வாசலில் நிற்க வேண்டும்.

23, பிறகு 21

மனைவி கேட்டது எளிய கேள்வி: "எத்தன ராத்திரிக்குக் கீழ போனா இத வித்துடலாம்?" விடுமுறைக்கு மூவர் ஓட்டலில் தங்கி வெளியே சாப்பிட்டால் இரவுக்கு 250 வெள்ளி என்று எடுத்துக்கொண்டோம். முகாம் தளத்துக்கு எப்படியும் 50 கொடுக்கிறோம். வித்தியாசம் 200. 4,560ஐ 200ஆல் வகுத்தால் 22.8. ஆக, ஆண்டுக்கு 23 இரவு தூங்கினால்தான் இந்தப் பாரத்தைச் சுமப்பதில் நியாயம். அதற்குக் கீழே போனால், நாங்கள் தூங்காத கட்டிலுக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

நான் ஒரு வழி சொன்னேன். வாசல் கூரையின் இரும்புச் சட்டத்தில் கப்பி பொருத்திக் கூடாரத்தை மேலே தொங்கவிடுவது. பட்டறைக்காரர் சட்டத்தைத் தட்டிப் பார்த்து, தாங்கும் என்றார். கப்பிக்குச் சில நூறு வெள்ளி, ஒரே முறை. கப்பி இருந்தால் ஏற்றவும் இறக்கவும் அரை மணி நேரம்தான், தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. பயணம் இல்லாத வாரங்களில் கூடாரம் தொங்கும், கேனோபியும் இழுப்பறையும் வண்டியிலேயே இருக்கும். சும்மா சுமக்கும் டீசலில் ஏறக்குறைய 400 வெள்ளி மிச்சமாகும். செலவு 4,160க்கு இறங்கும். அதை 200ஆல் வகுத்தால் 20.8. எல்லை 23லிருந்து 21ஆகக் குறைகிறது.

அடுத்த ஆண்டு எத்தனை இரவு கிடைக்கும்? வழக்கமான 13, பள்ளி விடுமுறையில் மேலும் 8 என்று வைத்தால் சரியாக 21. கத்தி முனையில் நிற்கிறோம்.

ஒரு ஆண்டு பார்ப்போம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். ஆனால் அதற்கு முன் ஒரு விதியை எழுதிக் குளிர்பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கிறோம்: எண்ணை நிரப்புவதற்காக ஓர் இரவும் போகக் கூடாது. 2022 டிசம்பர் 16 விடியுமுன், பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின் மேல் மலை சரிந்து 31 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். பள்ளி விடுமுறைக்காலத்தில், குடும்பத்தோடு தூங்கப் போனவர்கள். ஆண்டுக் கடைசியில்தான் பள்ளி விடுமுறையும் வருகிறது, வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. "இன்னும் மூணு ராத்திரி பாக்கி இருக்கே" என்ற நினைப்போடு டிசம்பர் மழையில் மலைச்சரிவுக்கோ ஆற்றங்கரைக்கோ வண்டியைத் திருப்பினால், அந்தக் கணக்கு நோட்டைக் கிழித்துப் போடுவதே மேல். மேலே சரிவு இல்லாத இடம், ஆறு ஏறினால் எட்டாத இடம், அனுமதி பெற்ற தளம், இருட்டிலும் மழையிலும் வெளியேற ஒரு பாதை. இந்த நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் வீட்டு மெத்தைதான்.

உங்களிடமும் இப்படி ஏதோ ஒன்று இருக்கலாம். வரவேற்பறையில் துணி காயும் ஓட்ட இயந்திரம், மாதம் இருமுறை எடுக்கும் இரண்டாவது கார், வருடத்துக்கு ஒருமுறை போகும் கிளப் உறுப்பியம். வாங்கிய விலையை விடுங்கள். ஆண்டுக்கு அது தின்பது எவ்வளவு, அதை எத்தனை நாள் உண்மையாகவே பயன்படுத்தினோம் என்று இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதி வகுத்துப் பாருங்கள். வரும் விடை பிடித்திருந்தால் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் விற்பதற்கு முன், எந்த எண்ணை மாற்ற முடியும் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் வீட்டில் வரும் டிசம்பரோடு இந்த ஆண்டுக் கணக்கை மூடி, ஜனவரி முதல் தேதி புதிய பக்கம் திறக்கிறோம். மகள் அதன் மேல் இப்போதே 21 கட்டங்கள் வரைந்து வைத்துவிட்டாள். எத்தனை நிரம்பும் என்பதை அவளுடைய பள்ளி நாள்காட்டியும் வானமும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.